கயிறு வாங்கிய கை

செவலை விடியும்போதே கத்த ஆரம்பித்துவிட்டது. முதலில் தொண்டைக்குள் உருட்டுவது போல ஒரு சத்தம். அப்புறம் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, மலையடிவாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி. சந்திரம்மாள் தண்ணீர் காட்டினாள், குடிக்கவில்லை. புண்ணாக்கு கரைத்து வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டியை முட்டித் தள்ளியது. கறக்க உட்கார்ந்தால் காலை மாற்றி மாற்றி வைத்தது. வழக்கமாக இறங்குகிற பாலில் பாதிகூட இறங்கவில்லை. அவள் எழுந்து பின்பக்கம் போய் வாலைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடி போலச் சளி ஒழுகிக்கொண்டிருந்தது.

“உனுக்கு இன்னைக்கேவா வரணும்?” என்றாள் மாட்டிடம்.

காலையில் சினைக்குக் கத்துகிற மாட்டுக்குச் சாயந்தரம் டவுன் மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட வேண்டும். விட்டால் மூன்று வாரம் போய்விடும். போன தடவை ஆஸ்பத்திரியில் ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. கன்று வளர்ந்துவிட்டது, பாலும் வற்றிக்கொண்டு வருகிறது. இதுவும் தப்பினால் ஆசிரமத்துக்கு எதிரே இருக்கும் காப்பிக் கடைக்கு ஊற்றப் பால் இருக்காது. தம்பி வீட்டுச் சுவரில் சாய்த்துப் போட்ட கீற்றுக் கொட்டகையில் இருக்கிறவளுக்கு அந்தப் பால்தான் எல்லாமும்.

ஆனால் இன்றைக்குத்தான் டவுனில் அந்தக் கூட்டமும் இருந்தது.

“அண்ணி, அது வாய எதுனா பண்ணுங்க. ஊரே எழுந்துக்கிச்சி” என்று உள்ளேயிருந்து தம்பி பெண்சாதி கஸ்தூரி கத்தினாள்.

“அது வாய நான் இன்னா பண்றது? உன் வாயவே என்னால ஒண்ணும் பண்ண முடியல.”

கஸ்தூரி சிரிக்கவில்லை. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் சரியாகச் சிரிப்பதில்லை.

ஆனி மாதக் கடைசி. மலை உச்சியில் தினமும் மத்தியானம் மேகம் வந்து உட்காரும். சாயந்தரம் காற்று கிளம்பி அதைக் கலைத்துவிடும். அடி அண்ணாமலையில் எல்லா வீட்டு வாசலிலும் விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்; மல்லாட்டை என்பார்கள் அங்கே. ஆடியில் ஒரு மழை விழுந்தால் விதைத்துவிட வேண்டும். விற்கிற மல்லாட்டையாக இருந்தால் தண்ணீர் தெளித்து ஊற வைத்து உடைக்கலாம், விரலுக்குச் சுகம். விதைக்கு நனைக்கக் கூடாது. காய்ந்த ஓட்டைத் தரையில் தட்டி, கட்டைவிரலால் பிளந்து, பருப்பின் சிவப்புத் தோல் கிழியாமல் எடுக்க வேண்டும். தோல் கிழிந்தது முளைக்காது. இரண்டு நாள் உடைத்தால் கட்டைவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

சந்திரம்மாள், கஸ்தூரி, கஸ்தூரியின் மகள் சரோஜா மூன்று பேரும் சாக்கின்மேல் உட்கார்ந்து உடைத்தார்கள். சரோஜாவுக்குச் செங்கத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருந்தது. ஆடி பிறப்பதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று வருகிற வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தார்கள்.

“அத்த, நீ போவாத” என்றாள் சரோஜா, தலையைத் தூக்காமல்.

“எங்க?”

“எங்கன்னு உனுக்குத் தெரியும்.”

“மாட்டுக்கு ஊசி போடப் போவாத இருக்க முடியுமா?”

“மாட்டுக்கு மட்டும் போ. போயிட்டு வா.”

செவலை கத்தியது. பேச்சு அறுந்தது. அப்போதுதான் சைக்கிள் மணி கேட்டது.

நாட்டாண்மை கோதண்டராமன் சைக்கிளைப் புளிய மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். கஸ்தூரி சாக்கை உதறிக்கொண்டு எழுந்து கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் கை நீட்டி, உடைத்துக் குவித்திருந்த விதைப் பருப்பில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே மாட்டைப் பார்த்தார்.

“சினைக்கா?”

“ஆமாங்க பெரிப்பா.”

“நல்ல மாடு. நான் பாத்து வாங்கிக் குடுத்த மாடு” என்றார். சந்திரம்மாள் ஒரு மல்லாட்டையைத் தரையில் தட்டினாள்.

“மத்தியானம் எங்கியோ மைக்கு வெச்சி பேசறாங்களாமே, பொம்பளைங்கள்லாம். நீயும் பேசறியாமே?”

“கூப்ட்டிருக்காங்க.”

“ஊரு வழக்கத்தக் கொண்டுபோயி மைக்குல வெக்கப் போறியா?”

“நான் ஒண்ணும் பொய் சொல்லப் போறதில்லீங்க.”

“பொய் சொல்லுவன்னு யாரு சொன்னா? உண்மையத்தான் சொல்லாதங்கறேன்.” இன்னொரு பிடி அள்ளினார். “நாலு சுவத்துக்குள்ள சொன்னா அது உண்ம. மைக்குல சொன்னா மானம் போச்சி.”

“கோர்ட்டுல நீங்க ஏறி சாட்சி சொன்னீங்களே பெரிப்பா. அது எந்தச் சுவத்துக்குள்ள?”

கஸ்தூரி மூச்சை இழுத்துக்கொண்டாள். நாட்டாண்மை மெல்லுவதை நிறுத்தினார்.

“சம்மன் வந்திச்சி, போனேன். கண்ணால பாத்தத சொன்னேன். கயித்த வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினியா, இல்லியா?”

“ஒத்திக்கினேன்.”

“அப்பறம்?”

அப்புறம் ஒன்றுமில்லை. அதுதான் நடந்தது.

அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் புருஷன் பெண்சாதியை அறுத்துவிடுவது என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு ஊர் நாட்டாண்மைகளும் கோயில் வேம்படியில் உட்காருவார்கள். ஒரு வைக்கோல் துரும்பை ஆண் கிள்ளிப் போடுவான். பிறகு அவன் வீட்டுக் கறவை மாடு ஒன்றின் கயிற்றைப் பெண்ணின் கையில் கொடுப்பார்கள். கயிறு கைமாறிவிட்டால் தீர்ந்தது. அவன் வேறு கட்டலாம். அவளும் விரும்பினால் கட்டலாம். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்கத் தேவையில்லை.

சந்திரம்மாளுக்குக் குழந்தை இல்லை. புருஷன் இருசப்பன் களை எடுக்க வந்த ஒருத்தியை வீட்டில் கொண்டுவந்து வைத்த பிறகு பஞ்சாயத்து கூடியது. துரும்பு கிள்ளினான். செவலையின் கயிற்றை நீட்டினார்கள். அவள் வலது கையால் வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். மாட்டுக் கயிறு கைக்கு வந்தால் எல்லாரும் செய்வதுதான். சந்தையில் வாங்கினாலும் செய்வார்கள். அந்த நேரத்தில் அப்படிச் செய்யலாமா என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பிறகு யாரோ சொல்லி, டவுன் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டாள். மாதாமாதம் கொடுக்கும்படி உத்தரவும் ஆனது. சில மாதம் கொடுத்துவிட்டு இருசப்பன் வேறு வக்கீலைப் பிடித்தான். வழக்கப்படி தர வேண்டியது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பெண்ணுக்குக் கொடுத்த உத்தரவை ரத்து செய்யலாம் என்று சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது. நாட்டாண்மை சாட்சி சொன்னார். பிறகு அந்த வக்கீல் அவளைக் கேட்டார்.

“கயித்தைக் கண்ணுல ஒத்திக்கிட்டியாம்மா?”

“ஆமாங்க.”

“சந்தோஷமாத்தான் வாங்கிக்கிட்டே?”

“மாட்ட வாங்கறப்ப யாருனா அழுவாங்களாங்க?”

கோர்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அந்தப் பதிலிலேயே கேஸ் போய்விட்டது என்பது வெளியே வராந்தாவுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதைச் சொன்னது பாகம்பிரியாள்.

பாகம்பிரியாள் பெரிய கோயில் குருக்கள் வீட்டுப் பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. கட்டினவர் பம்பாய்க்குப் போனவர் திரும்பவில்லை. கோர்ட்டு வராந்தாவில் பழக்கமாகி, இப்போது அவளும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினார்கள். அந்த வரியைச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். இன்றைக்கு மெட்ராஸிலிருந்து ஒரு குழு வருகிறது. பெண்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, டெல்லிக்கு அனுப்புவார்கள்.

“வெள்ளிக்கெழம செங்கத்துல நான்தான் முன்னால உக்காந்து தட்டு மாத்தணும்” என்றார் நாட்டாண்மை. “அவுங்க கேப்பாங்க. பொண்ணோட அத்த யாருன்னு கேப்பாங்க. எங்க பஞ்சாயத்த டெல்லிக்கு எழுதிப் போட்டவன்னு சொல்லட்டுமா? சகாதேவா, நீயே சொல்லுப்பா.”

தம்பி சகாதேவன் ஏர்க்காலுக்குப் புது ஆப்பு சீவிக்கொண்டிருந்தான். சீவுவதை நிறுத்தாமல் சொன்னான்: “யக்கா, மாட்ட நான் ஓட்டிகினு போறேன். நீ ஊட்ல இரு.”

“உனுக்கு அது நிக்காது.”

“நிக்கும்.”

“போன தடவ உன்ன இஸ்துகினு போயி சாக்கடையில தள்ளிச்சே, மறந்துட்டியா?”

சரோஜா வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரி மகளை முறைத்தாள். நாட்டாண்மை எழுந்தார். வாய் நிறைய விதை இருந்ததால் அவர் கடைசியாகச் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. சைக்கிள் போன பிறகு கஸ்தூரி குவியலைக் கையால் சமன் செய்தாள்.

“கால் காணி நெலத்துக்கு வெத தின்னுட்டுப் போயிட்டான்” என்று முணுமுணுத்தாள். பிறகு நாத்தனாரைப் பார்க்காமல் சொன்னாள்: “அண்ணி, கால்ல விழணும்னா விழறேன். என் பொண்ணு.”

“எனுக்கும் பொண்ணுதான்.”

“அப்ப போவாதீங்க.”

சந்திரம்மாள் எழுந்து கை உதறினாள். களி இருந்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றி நாலு வாய் தின்றாள். செவலை கயிறு அறுகிற மாதிரி இழுத்துக் கத்தியது. கூட ஒரு ஆள் இல்லாமல் அந்த மாட்டை ரோட்டில் ஓட்ட முடியாது. கஸ்தூரி மகளைப் பார்த்தாள். “நீ கூடப் போ. மாட்டப் புடிச்சிகினு ஆஸ்பத்திரி வாசல்லயே நில்லு. உங்கத்தய வேற எங்கயும் உடாத.”

வெயில் தலைக்கு மேல் இருந்தது. செங்கம் ரோடு வரைக்கும் புளிய மர நிழல் இருந்ததால் பிழைத்தார்கள். முன்னால் சந்திரம்மாள் கயிற்றைப் பிடித்து நடக்க, சரோஜா பின்னால் வேப்பங்குச்சியோடு வந்தாள். எதிரே மலையைச் சுற்றுகிறவர்கள் சிலர் வெறுங்காலோடு வந்தார்கள். ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரன், மாடு கத்துவதைக் கேட்டு நின்று, அதற்கு ஏதோ வலி என்று நினைத்து, தன் தண்ணீர்ப் பாத்திரத்தை நீட்டினான். சரோஜா சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். காப்பிக் கடைக்காரர் வெளியே வந்து, “இன்னா சந்திரம்மா, பாலு இவ்ளோ கம்மியா அனுப்பிட்டு, மாடு மட்டும் ஊர்வலம் போவுது?” என்றார்.

கடை தாண்டியதும் சரோஜா கேட்டாள்: “சட்டம் மாறிச்சின்னா உனுக்கு மறுபடியும் பணம் வருமா அத்த?”

“வராதாம். ஐயரூட்டம்மா சொல்லிடிச்சி. இனிமே வர்றவங்களுக்குத்தானாம்.”

“உனுக்கே இல்லன்னா இன்னாத்துக்குப் போற?”

சந்திரம்மாள் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

“இனிமே யாரு வரப் போறாங்க?” என்றாள் சரோஜா மறுபடியும்.

சந்திரம்மாள் திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். சரோஜா வேப்பங்குச்சியின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே வந்தாள். பிறகு, “அவுரு அப்பிடி இல்ல” என்றாள். “பொண்ணு பாக்க வந்தப்ப, நான் குடுத்த டம்ளர கீழ வெக்காம கையிலயே குடுத்தாரு.”

“நல்ல பையன்தான். யாரு இல்லன்னா?”

“பின்ன?”

“இருசப்பனும் நல்லாத்தான் இருந்தான். பத்து வருசம்.”

மாடு இழுத்தது. நடந்தார்கள்.

கூட்டம் தேரடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். மாட்டாஸ்பத்திரி அதற்கும் அப்பால் இரண்டு தெரு தள்ளி. ஊசி போடுகிறவர் நாலு மணிக்குத்தான் வருவார், ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார். மண்டபத்து வாசலில் ஒரு புங்க மரம் இருந்தது. சந்திரம்மாள் அதன் அடியில் மாட்டை நிறுத்தினாள்.

“அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிச்சி” என்றாள் சரோஜா.

“போவலாம். ஊசி சாயந்தரந்தான். அதுவரிக்கும் எங்க நின்னா இன்னா? இங்க நெழல் கீது.”

சரோஜா கயிற்றை வாங்கிக்கொண்டாள். “நீ போறதுன்னு ஊட்லயே முடிவு பண்ணிட்ட” என்றாள்.

பாகம்பிரியாள் படியிறங்கி வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. “சந்திரம்மா, வந்துட்டேளா. வராம போயிடுவேளோன்னு நெஞ்சு அடிச்சிண்டே இருந்தது. இது என்ன, மாட்டையே கூட்டிண்டு வந்துட்டேள்?”

“அதுக்கு ஊசி போடணும்மா.”

பாகம்பிரியாள் மாட்டைப் பார்த்தாள். “இதானா அது?” என்றாள் தாழ்ந்த குரலில். பிறகு கையைப் பிடித்துப் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனாள். “இங்க பாருங்கோ. ஜாஸ்தி பேச வேண்டாம். பஞ்சாயத்துல பயமுறுத்தினா, கட்டாயப்படுத்திக் கையில திணிச்சா, வேற வழியில்லாம வாங்கிண்டேன். அவ்வளவுதான். இதைச் சொன்னா போதும். இந்த வரி ஏன் தப்புன்னு அவாளுக்குப் புரிஞ்சுடும்.”

“கட்டாயப்படுத்தலியேம்மா.”

“பத்து ஆம்பளை சுத்தி உக்காந்திருந்தா அதுக்குப் பேர் கட்டாயம்தானே?”

அதுவும் சரியாகத்தான் பட்டது சந்திரம்மாளுக்கு. ஆனாலும் மனசு எங்கேயோ இடறியது. “நீங்க உங்க கதயச் சொல்லுங்களேம்மா” என்றாள்.

“எங்காத்துல துரும்பும் கிடையாது, மாடும் கிடையாது. விடறதும் இல்லை, வெச்சுக்கறதும் இல்லை. நான் என்னத்தைச் சொல்ல?” என்று பாகம்பிரியாள் சிரிக்கப் பார்த்தாள்.

குழு வரத் தாமதமானது. மண்டபத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வந்து சுவரோரமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் சில ஆண்கள் நின்றார்கள். சந்திரம்மாள் முதலில் ஓரமாக உட்கார்ந்தாள், எழுந்து ஜன்னல் பக்கம் போய் மாட்டைப் பார்த்தாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கையில் மல்லாட்டைத் தூசி இன்னும் இருந்தது. நகத்தடி விண்விண் என்று தெறித்தது. பின்வரிசையில் வெள்ளை வேட்டி ஒன்று தெரிந்தது. நாட்டாண்மை சுவரில் சாய்ந்து கை கட்டி நின்றிருந்தார்.

கார் வந்து மூன்று பேர் இறங்கினார்கள். நடுவில் உட்கார்ந்தவர் தலை நரைத்த வக்கீல் அம்மாள். ஒரு பக்கம் இளைஞர் ஒருவர், இன்னொரு பக்கம் எழுதுகிற பெண். மைக்கு கீச்சென்று கத்தியது. வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயில் அது தெருவுக்கே கேட்டது. உடனே செவலையும் கத்தியது. ஜனங்கள் சிரித்தார்கள்.

நாலாவதாகச் சந்திரம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் மைக்குக்கு முன்னால் போய் நின்று, அதைத் தொடாமல் பார்த்தாள்.

“பஞ்சாயத்துல உங்க கையில மாட்டுக் கயிறு கொடுத்தாங்க, இல்லையா?” என்றார் வக்கீல் அம்மாள். “கட்டாயப்படுத்தி வாங்க வெச்சாங்களா?”

பாகம்பிரியாள் முன்வரிசையில் இருந்து தலையை மெல்ல அசைத்தாள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி.

வெளியே செவலை கத்தியது. நீளமாக.

“இல்லீங்க” என்றாள் சந்திரம்மாள். “நானாத்தான் கைய நீட்டினேன்.”

பாகம்பிரியாள் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் நாட்டாண்மை கட்டியிருந்த கையைப் பிரித்து நிமிர்ந்து நின்றார்.

“ஏன் நீட்டினீங்க?”

“என் மாடுங்க.”

“உங்க மாடுன்னா?”

“அதோ கத்துதே, அதாங்க. அது பொறக்கறப்ப கால் முன்ன வந்திடிச்சி. நான்தான் கைய உட்டு இஸ்தேன். தாய் மாடு மூணாம் நாளு செத்துப் போச்சி. தூக்கிப் போடுன்னு சொன்னாங்க. நான் கஞ்சித்தண்ணியில துணிய நனைச்சி வாயில வெச்சி வளத்தேன். பாய்ல என் பக்கத்துலதான் படுத்திருக்கும்.” மைக்கில் தன் குரல் கேட்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். “பஞ்சாயத்துல எந்த மாட்டக் குடுக்கறன்னு கேட்டாங்க. அவுங்க ஊட்ல நாலு மாடு இருந்திச்சி. செவலயக் குடுத்துடறேன்னான். எனுக்கு உசுரு வந்திச்சி. அந்தப் பொம்பள கையில உட்டுட்டு வரணுமோன்னுதான் நான் ராவும் பகலும் தவிச்சிகினு இருந்தேன். கைய நீட்டிட்டேன். கண்ணுல ஒத்திக்கினேன்.”

இளைஞர் குனிந்து கேட்டார்: “அப்ப உங்களுக்கு அதுல சம்மதம்தானேம்மா?”

“மாட்டுக்குச் சம்மதங்க. என்ன அனுப்பறதுக்கு யாரும் என்னக் கேக்கலியே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கோர்ட்டில் சிரித்தது நினைவுக்கு வந்தது.

“அந்த ஊட்ல நான் நாத்து நட்டேன், மல்லாட்ட புடுங்கினேன், மாமியாளுக்குப் பீ மூத்திரம் வாரினேன். அங்க என்னுதுன்னு இருந்தது அந்த மாடு ஒண்ணுதாங்க. என் மாட்டயே எடுத்து என் கையில குடுத்துட்டு, எல்லாம் குடுத்தாச்சின்னு எழுதிட்டாங்க. அவன் ஊட்லருந்து எனுக்கு இன்னா வந்திச்சி? எனுக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

எழுதுகிற பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தாள். வக்கீல் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“எனுக்குத் தையல் மிஷினுங்க. எங்கப்பா வாங்கிக் குடுத்து அனுப்பினதுதான். அதையே திருப்பிக் குடுத்துட்டு, தீந்திச்சின்னுட்டாங்க.”

சொன்னவள் பேர் காசியம்மாள் என்று பிறகு எழுதிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

“எனுக்கு ரெண்டு அண்டா” என்றாள் இன்னொருத்தி. “எங்கம்மா பேரு வெட்டிக் கீது அதுல.”

“எனுக்கு என் கம்மலு.”

சலசலவென்று ஆகிவிட்டது. பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்கள். இது தன் வீட்டில் மட்டும் நடந்தது என்று இதுவரை நினைத்திருந்த முகங்கள். வக்கீல் அம்மாள் எழுதுகிற பெண்ணிடம் சொன்னார்: “எழுதும்மா. அவங்க பேசினபடியே எழுது. திருத்தாத.”

சந்திரம்மாள் வெளியே வந்தபோது படியில் பாகம்பிரியாள் நின்றிருந்தாள்.

“நான் சொல்லிக் கொடுத்ததை நீங்க சொல்லலை.”

“கோவமாம்மா?”

பாகம்பிரியாள் யோசித்தாள். “மனுவை அடிச்சுட்டு மொதல்லேர்ந்து எழுதணும்” என்றாள். “இது யாருக்குமே தோணலை பாருங்கோ.” கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள்.

நாட்டாண்மை சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். சாவி சரியாக நுழையவில்லை. சந்திரம்மாள் கிட்டே வந்ததும் நிமிராமல் சொன்னார்: “அந்த மாடு உன்னுதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“அன்னிக்கு யாரு கேட்டீங்க பெரிப்பா?”

பூட்டு திறந்துகொண்டது. அவர் சைக்கிளைத் திருப்பினார். புங்க மரத்தடியில் மாட்டோடு நிற்கும் சரோஜாவைப் பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டார்.

“வெள்ளிக்கெழம எனுக்கு வேற வேல கீது. சகாதேவன் கிட்ட சொல்லிடு” என்றார். மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சரோஜாவுக்குக் கேட்டிருக்கும். குழாயில் வந்த எல்லாமும் கேட்டிருக்கும். அவள் மாட்டின் கழுத்தில் கை வைத்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. உள்ளங்கையில் கயிறு உரசிய தடம். தெருவில் காற்று கிளம்பி மண்ணை வாரி அடித்தது. மலை மேல் மேகம் கறுத்து, இன்னும் கலையாமல் இருந்தது.

சந்திரம்மாள் எதிரே போய் நின்றாள். “குடு” என்று கையை நீட்டினாள்.

சரோஜா கொடுக்கவில்லை. குனிந்து, கயிற்றைத் தரையில் வைத்தாள்.

“ஏண்டி கீழ போடற?”

“உன் கையில குடுத்தா எல்லாம் குடுத்தாச்சின்னு ஆயிடும்” என்றாள். சொல்லும்போது உதடு கோணியது. தாவணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.”

“நானே சொல்றேன்.”

“நாட்டாண்ம வரலன்னா செங்கத்துக்காரங்க வர மாட்டாங்களா?”

“தெரியலடி.”

“வந்தாங்கன்னா,” என்று ஆரம்பித்த சரோஜா மாட்டின் கழுத்தைத் தடவினாள். “வந்தாங்கன்னா, நான் கொண்டு போற சாமானெல்லாம் என்னுதுன்னு அன்னிக்கே நாலு பேரு எதிர்ல சொல்லிடுவேன்.”

சந்திரம்மாள் குனிந்து கயிற்றை எடுத்தாள். தன்னால் கை கண்ணுக்குப் போனது. பாதி வழியில் அவளுக்கே தெரிந்தது. நிறுத்தவில்லை. ஒரு கண்ணில் ஒற்றி, மறு கண்ணிலும் ஒற்றினாள். கயிற்றிலிருந்த மண் உறுத்தியது.

“நடடி. அஞ்சு மணி அடிக்கப் போவுது.”

செவலை இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடியது. காய்கறி வண்டிக்காரன் ஒதுங்கினான். ஒரு ஆட்டோ நின்று திட்டியது. தெரு திரும்பியதும் ஆஸ்பத்திரி தெரிந்தது. காக்கிச் சட்டை போட்ட ஆள் கம்பிக் கதவை இழுத்து மூடி, பூட்டைக் கொண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட நினைத்த சந்திரம்மாளுக்கு மூச்சு வாங்கியது, குரல் வரவில்லை.

செவலை கழுத்தை நீட்டிக் கத்தியது.

அந்த ஆள் பூட்டில் வைத்த கையோடு திரும்பிப் பார்த்தான்.